பழைய மாசியும் புதுப் பவுசும்

விக்கிரமசிங்கபுரம் வயல் பக்கம் பழைய மாசி பெர்குசன் 1035 டிராக்டர் ஒன்று நின்றால் கண் தானாக அங்கே போய்விடும். சென்னையில் 1960-இல் தொடங்கிய டாஃபே நிறுவனத்தின் வண்டி. உள்ளே மூன்று சிலிண்டர் சிம்சன் என்ஜின். கைக்கு வந்ததும் சிலர் பம்பரை நீட்டி, ஸ்பீக்கர் கட்டி, குஞ்சம் தொங்கவிடுவார்கள். கோயில் கொடைக்குச் சரி. கேஜ் வீல் மாட்டித் தொழியில் இறங்கினால் அத்தனை பவுசிலும் சேறு அப்பிக்கொள்ளும்.

என் கட்சி வேறு. பானட்டை உப்புத்தாளால் பொறுமையாகத் தேய்த்து, மேல்பூச்சுகளுக்கு அடியில் கம்பெனிச் சிவப்பைக் கண்டுபிடித்து, அதே நிறத்தைக் கலக்கச் சொல்கிறாரே, அவர்தான் ரசிகர். பின்னால் கலப்பையைத் தாங்கும் மூன்று கைகள் ஹாரி பெர்குசனின் மூளையில் பிறந்தவை. மண்ணின் இழுவை கூடினால் ஹைட்ராலிக் அதை உணர்ந்து கலப்பையைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும். அந்த அமைப்பில் வெட்டி ஒட்டு வேலை பார்ப்பது எனக்குப் பொறுக்காது. பவர் ஸ்டியரிங் மாட்டினால் மட்டும் மன்னித்துவிடுவேன்; பிசான நெல் நடவுக்கு நாள் முழுக்கத் தொழி அடிக்கிறவர் தோள்பட்டையைக் கேட்டால் காரணம் சொல்லும்.