புகை எங்கே போகிறது?

ஸ்டீம்பங்க் என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது ஓர் உடைதான். பித்தளை விளிம்பு வைத்த கண்ணாடி, தோல் மேலங்கி, தொப்பியில் ஒட்டிய பல்சக்கரம். அந்தச் சக்கரம் எதையும் சுழற்றாது, சும்மா இருக்கும். இந்த வகையில் வரும் பல நாவல்களின் உலகமும் அப்படித்தான். வானத்தில் ஆகாயக் கப்பல் போகும், தெருவில் எந்திரக் குதிரை ஓடும். கப்பலில் கரி அள்ளிப் போடுகிறவனுக்கு என்ன கூலி, சாம்பலை எங்கே கொட்டுகிறார்கள் என்று கேட்டால் நாவலிடம் பதில் இருக்காது.

பெயரே பாதி விளையாட்டாகப் பிறந்ததுதான். 1987ல் கே. டபிள்யூ. ஜீட்டர் 'லோகஸ்' இதழுக்கு எழுதிய கடிதத்தில், தானும் டிம் பவர்ஸும் ஜேம்ஸ் பிளேலாக்கும் எழுதிவந்த விக்டோரியக் காலக் கற்பனைகளுக்கு இப்படி ஒரு பெயர் வைக்கலாமே என்றார். பெயரில் இருந்த நீராவியை எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். நீராவி எப்படி நடந்துகொள்ளும் என்று கவனித்தவர்கள் குறைவு.

கவனித்தால் அது நிறையச் சொல்லித்தரும். 1712ல் தாமஸ் நியூகோமன் நிறுவிய எஞ்சின், எரித்த கரியின் ஆற்றலில் ஒரு சதவீதத்தைக்கூட வேலையாக மாற்றவில்லை. அவ்வளவு கரி தின்னும் ஒன்றை எங்கே வைப்பது? கரிச் சுரங்கத்தின் வாயிலேயே வைத்தார்கள். அங்கேதான் கரி மலிவு. பிறகு ஜேம்ஸ் வாட்டின் மாற்றங்களால் கரிச் செலவு குறைந்தது. கரி விலை அதிகமாக இருந்த கார்ன்வாலின் செம்பு, வெள்ளீயச் சுரங்கங்களுக்கு நீராவி எஞ்சின் முன்பைவிட நன்றாகக் கட்டுப்படியானது. எரிபொருளின் விலைதான் வரைபடத்தை வரைந்திருக்கிறது. உலகம் படைக்கிற எழுத்தாளருக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

இந்தப் பாடத்தைச் சரியாகப் படித்த நாவல் வில்லியம் கிப்சனும் புரூஸ் ஸ்டெர்லிங்கும் சேர்ந்து எழுதி 1990ல் வெளிவந்த 'தி டிஃபரன்ஸ் எஞ்சின்'. நிஜ வரலாற்றில் சார்லஸ் பாபேஜின் கணக்கு எந்திரத்துக்கு பிரிட்டிஷ் அரசு சுமார் 17,000 பவுண்ட் செலவழித்தது. எந்திரத்தைச் செய்துகொடுத்த ஜோசப் கிளெமன்ட்டோடு தகராறு வந்து 1833ல் வேலை நின்றது. 1842ல் அரசு கைகழுவியது. பாபேஜ் பிற்பாடு வரைந்த இரண்டாவது வடிவமைப்பை வைத்து, அவர் காலத்தில் சாத்தியமான துல்லியத்துக்கு மேல் போகாமல், லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் 1991ல் எந்திரத்தின் கணக்கிடும் பகுதியைக் கட்டி முடித்தது. வேலை செய்தது. ஆக, தடையாக இருந்தது இயற்பியல் இல்லை. பணமும் பட்டறையும் அரசியலும்தான்.

நாவல் கை வைப்பதும் அந்த இடத்தில்தான். அது இயற்பியலைத் தொடவில்லை, ஆட்சியை மாற்றுகிறது. தொழில் தீவிரவாதிகள் கட்சி அதிகாரத்துக்கு வருகிறது, கவிஞர் பைரன் பிரதமர் ஆகிறார், பாபேஜ் பிரபு ஆகிறார். சரி, அப்புறம்? மென்பொருள் வேலையில் புதிதாக ஒன்றைச் சேர்க்கும்போது இது எதையெல்லாம் உடைக்கும் என்றுதான் முதலில் கேட்போம். நாவலும் அதையே கேட்டுக்கொண்டு போகிறது. எந்திரத்துக்குத் துளையிட்ட அட்டைகள் வேண்டும். அட்டை எழுத 'கிளாக்கர்' என்றொரு தொழிலாளர் கூட்டம் வேண்டும். அட்டைகள் குவிந்தால் குடிமக்களுக்கு எண் வரும், எண் வந்தால் கண்காணிப்பு வரும். தூக்கிலிடப்பட்ட லுட்டைட் தலைவரின் மகள் சிபில் ஜெரார்ட் வேறு பெயரில் வாழ்கிறாள். அவளுக்குப் பயம் போலீஸ்காரனின் லத்தி இல்லை, அரசுப் பதிவேடு. 1855 கோடையில் லண்டன் நாற்றத்தில் மூச்சுத் திணறுகிறது, கலவரம் வெடிக்கிறது. இங்கே புகைக்கும் கழிவுக்கும் கதையில் வேலை இருக்கிறது.

இருந்தாலும் இந்த நாவலுக்கு ஒரு குருட்டுப் பக்கம் உண்டு. லண்டனின் குடலை இத்தனை நுணுக்கமாகக் காட்டுகிற கதை, அந்த ஊர் ஆலைகளுக்குப் பருத்தி விளைவித்துக் கொடுத்தவர்கள் பக்கம் திரும்புவதில்லை. ஸ்டீம்பங்க் என்ற வகைக்கே உள்ள நோய் இது. விக்டோரியாவின் அலங்காரம் வேண்டும், சாம்ராஜ்யத்தின் கணக்கு வேண்டாம்.

அந்தக் கணக்கைத் திறந்தது நிசி ஷாலின் 'எவர்ஃபேர்' (2016). பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் காங்கோவில் ரப்பருக்காக நடந்த கொடுமைகளின் நடுவே, ஃபேபியன் சோஷலிஸ்ட்டுகள் நிலம் வாங்கி ஒரு நாட்டை அமைப்பதாகக் கற்பனை. நிஜ காங்கோவில் மனிதர்களின் கைகள் வெட்டப்பட்டன. நாவலில் அப்படிக் கை இழந்தவர்களுக்கு எந்திரக் கைகள் செய்து பொருத்துகிறார்கள். மற்ற ஸ்டீம்பங்க் கதைகளில் பித்தளைக் கை என்றால் ஸ்டைல். இங்கே அதைப் பார்த்ததும் அது ஏன் தேவைப்பட்டது என்ற கேள்வி வந்து நிற்கிறது. முப்பது ஆண்டுக் கதையைப் பல கண்கள் வழியே சின்னச் சின்ன அத்தியாயங்களில் சொல்வதால், யாரோடும் நிலைத்து உட்கார முடியவில்லை என்பது என் குறை. ஆனால் அந்த உலகத்தை நம்புவதில் எனக்குச் சிரமமே இல்லை.

தமிழில் இப்படி ஒன்றை எழுத நினைப்பவர் லண்டனைக் கடன் வாங்கத் தேவையில்லை. 1856ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடியது. பக்கத்தில் நிலக்கரி இல்லாததால் மெட்ராஸ் ரயில்வேயின் எஞ்சின்கள் அந்தக் காலத்தில் விறகைத் தின்றன. விறகுக்காகவும் தண்டவாளக் கட்டைகளுக்காகவும் காடு வெட்டப்பட்டது. காடு குறையக் குறைய அரசுக்குக் கவலை வந்தது. 1882ல் மெட்ராஸ் வனச் சட்டம் வந்தது. ஆடு மாடு மேய்த்தவர்களும் சுள்ளி பொறுக்கியவர்களும் தங்கள் காட்டிலேயே குற்றவாளி ஆனார்கள்.

இந்த மண்ணில் ஆகாயக் கப்பல் பறக்கவேண்டும் என்றால் எந்த மலையின் மரம் எரிகிறது, அந்த மலையில் இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை முதலில் எழுதிவிட வேண்டும். கதாநாயகன் கப்பலில் இருக்கிறானா மலையில் இருக்கிறானா என்பதை அதற்கப்புறம் முடிவு செய்துகொள்ளலாம்.