தாமே வெளியிடும் உரிமையும் ஊர்ப் பேச்சும்

சிறுகதைத் தொகுதியை வாங்குவோர் இலர் என்பது பதிப்பாளர்களின் நெடுநாள் முறையீடு. சமையற் குறிப்பு விற்கும், சோதிடம் விற்கும்; புதியவர் ஒருவரின் பன்னிரண்டு கதைகள் விற்கா என்பர். ஆகவே, கைப்பொருளைச் செலவிட்டுத் தம் கதைகளைத் தாமே நூலாக்கும் எழுத்தாளர் நம்மிடையே என்றும் இருந்து வருகின்றனர். வெளியீட்டு விழாவில் அவர்களுக்குப் பொன்னாடை போர்த்துவதோடு நம் கடமை தீர்ந்துவிடுவதில்லை. அச்செலவினால் அவர்கள் பெற்ற உரிமை யாது, அதனை எதற்குப் பயன்படுத்தினர் என்று கேட்பதே திறனாய்வின் வேலை.

அரக்கோணத்திலிருந்து மேற்கே வாலாஜா, காட்பாடி, ஆம்பூர், வாணியம்பாடி என நீளும் இருப்புப்பாதையின் வட்டாரம் தோல் தொழிலுக்குப் பெயர் பெற்றது. தம் நூலைத் தாமே வெளியிடுவதில் தமிழுக்கு ஒரு பெரிய முன்மாதிரியைத் தந்ததும் இவ்வட்டாரமே. 1912இல் திருப்பத்தூரில் பிறந்து, வாலாஜாவை அடுத்த வேலம் என்னும் சிற்றூரைச் சொந்த ஊராகக் கொண்ட டாக்டர் மு. வரதராசனார், தம் நூல்களைத் 'தாயக வெளியீடு' என்னும் பெயரில் தாமே கொணர்ந்தார். விற்பனையை மட்டும் சென்னைப் பாரி நிலையத்திடம் விட்டார். 'விடுதலையா?', 'குறட்டை ஒலி' ஆகியவை அவருடைய சிறுகதைத் தொகுதிகள்.

எதை எழுத வேண்டும் என்று அவருக்குக் கட்டளையிடும் பதிப்பாளர் எவரும் இலர். ஆயினும் அந்த உரிமையைக் கொண்டு அவர் தம் வட்டாரத்தின் பேச்சை எழுதவில்லை. 1961இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற 'அகல் விளக்கு' நாவலில் வாலாஜா வருகிறது. ஊரார் பேச்சோ ஆசிரியரின் செந்தமிழாகவே ஒலிக்கிறது. கற்றவரும் கல்லாதவரும் ஒரே நடையில் அறம் உரைக்கின்றனர். எங்குள்ள தமிழரும் படித்துணரத் தக்க தூய நடையே வேண்டும் என்பது அவர் கொள்கை. அதனால் பல்லாயிரம் வாசகர் அவருக்குக் கிட்டினர் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால், அவர் கதைகளில் ஊர் உண்டு, ஊரின் நாக்கு இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இதற்கு நேர்மாறான சான்று குமரி மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டணத்தில் கிடைக்கிறது. மலையாளம் வழியே கல்வி கற்று, மிளகாய் வணிகம் செய்து வாழ்ந்த தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை', 'முஸ்லிம் முரசு' இதழில் தொடராக வந்தது. 1988இல் அதனை அவர் தாமே நூலாக்கினார். மலையாளமும் அரபுச் சொற்களும் விரவிய கடற்கரை முஸ்லிம்களின் பேச்சை அவர் திருத்தவில்லை. முதலாளியின் ஆணவத்தையும் ஆங்கிலப் பள்ளிக்கு எழுந்த எதிர்ப்பையும் மறைக்கவில்லை. தம் சமுதாயத்தார் முகம் சுளிப்பர் என்று அஞ்சும் பதிப்பாளர் ஒருவர் இடையில் நின்றிருந்தால், அப்பேச்சு முழுமையாக நமக்குக் கிட்டியிருக்குமா என்பது ஐயமே. 1997இல் 'சாய்வு நாற்காலி' நாவலுக்காகச் சாகித்திய அகாதெமி பரிசு அவரைத் தேடி வந்தது.

உரிமைக்கு விலையும் உண்டு. 1959 முதல் 1970 வரை 'எழுத்து' இதழை நடத்திய சி. சு. செல்லப்பா, நூல் கட்டுகளைச் சுமந்து கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றார். இன்று வேண்டிய படிகளை மட்டும் அச்சிடும் முறை வந்துவிட்டதால் அச்சுச் சுமை குறைந்துள்ளது. குறையாத சுமை ஒன்று உண்டு. நல்ல பதிப்பாசிரியர் செய்யும் வேலையை ஆசிரியர் தாமே செய்தாக வேண்டும். பன்னிரண்டு கதைகளில் ஐந்தை ஒதுக்கும் மனவலிமை பலருக்கு இருப்பதில்லை. இதழில் வந்த அனைத்தையும் சேர்த்துக் கட்டி, அணிந்துரைகள் நான்கைப் பெற்றுவிட்டால் நூல் அமைந்துவிட்டதாக எண்ணுகின்றனர்.

இத்தோல் வட்டாரத்தில் எழுதப்பட வேண்டியவை எத்தனையோ உள. பேரணாம்பட்டைச் சேர்ந்த அழகிய பெரியவன் இங்குள்ள தலித் மக்களின் வாழ்வைக் கதைகளில் கொணர்ந்துள்ளார். வாணியம்பாடி, ஆம்பூர் முஸ்லிம் இல்லங்களின் உருதுவும், சுண்ணாம்புக் குழியில் நிற்பவரின் தமிழும், இரண்டுக்கும் இடையே கணக்கெழுதுபவரின் கலவைப் பேச்சும் இன்னும் மிகுதியாகக் கதை ஏறவில்லை. 2015 ஜனவரி இறுதியில் இராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக் கொண்டிருந்த தொழிலாளர் பத்துப் பேர் மாண்டனர். நாளிதழ் அவர்களை எண்ணிக் காட்டியது. அவர்கள் உறங்கு முன் என்ன பேசிக்கொண்டனர் என்பதைச் சிறுகதையன்றி வேறெது சொல்லும்?

தொழில் தரும் முதலாளியும் ஜமாஅத்தில் முன் நிற்பவரும் வாசகராகவும் இருக்கும் ஊரில் இவற்றை எழுதுவது எளிதன்று. தாமே வெளியிடுபவர் அந்தத் துணிவுக்காகத்தான் பணம் செலவிடுகிறார் என நாம் கொள்கிறோம். எவர் மனமும் நோகாத கதைகளை அச்சிட, கைப்பொருளை இழக்க வேண்டிய தேவை இல்லை. அதற்குப் பதிப்பாளர் எப்போதும் கிடைப்பர்.