இருக்கிற குதிரைக்கு லாடம்

குலசை தசரா சமயத்தில் ராத்திரி எங்கள் ரோட்டில் வண்டி ஓட்டியவர்களுக்குத்தான் அந்தப் பாடு தெரியும். வளைவு திரும்பினால் திடீரென்று ஒரு காளி நிற்பாள். பின்னாலேயே ஒரு குரங்கு, ஒரு போலீஸ், மறுபடி இரண்டு காளி. வேடம் கட்டிக்கொண்டு முத்தாரம்மன் கோயிலுக்கு நடக்கிற ஜனம். மணப்பாட்டில் கிளம்பி குலசேகரன்பட்டினம் தாண்டுவதற்குள் எனக்கு வருஷா வருஷம் உயிர் போய் உயிர் வரும். போன தசராவில் அந்தக் கதையே இல்லை. தூரத்தில் வந்த காளியின் நாக்குச் சிவப்பு வரை துல்லியமாகத் தெரிந்தது. எந்த வண்டியில்? என் 2004 மாடல் மாருதி 800-இல்! அதே 60/55 வாட்ஸ் பல்புதான், மாற்றவே இல்லை.

செய்ததெல்லாம் 1,200 ரூபாய்க்கு ரிலே வயரிங். இதைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் வீட்டில் எழுந்து போய்விடுகிறார்கள், நீங்களாவது கேளுங்கள். பழைய வண்டிகளில் ஹெட்லைட்டுக்குப் போகிற கரன்ட் முழுக்க ஸ்டியரிங் பக்கத்து சுவிட்ச் வழியாக, மெல்லிய வயரில் சுற்றிக்கொண்டு போகும். இரண்டு பல்பும் சேர்ந்து 120 வாட்ஸ், அதாவது 10 ஆம்பியர். இருபது வருஷ உப்புக்காற்றில் கான்டாக்ட் எல்லாம் கறுத்துக் கிடக்கிறது. இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் மீட்டர் வைத்தால் 13.8 வோல்ட், பல்பு ஹோல்டரில் வைத்தால் 12.1. இதற்கா இவ்வளவு அலட்டல் என்று தோன்றும். ஆனால் ஹாலஜன் பல்பில் வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் முப்பது சதவீதம் போய்விடும். ரிலே போட்டு, தடித்த வயரில் பேட்டரியிலிருந்து நேராக இழுத்ததும் பல்பில் 13.5 நின்றது. சுவிட்சைப் போட்டதும் எதிர்ச் சுவர் வெளுத்துப் போனதைப் பார்த்து ‘ஆத்தாடி’ என்று கத்தியேவிட்டேன்.

இவ்வளவு விவரம் ஆரம்பத்தில் எனக்கு இருந்ததா என்றால், கிடையாது. முதலில் போய் விழுந்தது சைலன்சரில். ஒரு கடையில் ‘ஃப்ரீ ஃப்ளோ போடுங்க, வண்டி பறக்கும்’ என்றார்கள். 6,000 ரூபாய். பறந்தது சத்தம் மட்டும்தான்! 796 சிசி, மூன்று சிலிண்டர், 37 குதிரைசக்தி. அதில் ஐந்து சதவீதம் கூடினால்கூட இரண்டு குதிரை தேறாது. மறுவாரமே கழற்றிவிட்டு, திசையன்விளைப் பக்கம் ஒரு மெக்கானிக் அண்ணாச்சியிடம் போய் இன்ஜினை என்ன செய்யலாம் என்று கேட்டேன். அவர் பானட்டைத் திறக்கவே இல்லை. குனிந்து டயரைப் பார்த்தார்.

“ஏல தம்பி, அறுநூத்தம்பது கிலோ வண்டிக்கு எத்தனை குதிரைல வேணும்? இருக்க குதிரைக்கு லாடம் அடிச்சியா?”

டயரின் பக்கவாட்டில் நகத்தால் கீறிக் காட்டினார். 3111. அதாவது 2011-ஆம் வருஷம் 31-ஆவது வாரம் செய்த டயர். பட்டன் தேயவே இல்லை என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தது, தொட்டால் கருவாடு மாதிரி விறைப்பாக, மயிரிழை வெடிப்போடு இருந்தது. ‘பதிமூணு இன்ச் அலாய் போட்டுரலாமா அண்ணாச்சி?’ என்று நான் இழுத்ததற்கு அவர் முறைத்த முறைப்பை மறக்க மாட்டேன். பிறகு கணக்குப் போட்டேன். கம்பெனி டயர் 145/70 ஆர்12, மொத்த விட்டம் 508 மில்லிமீட்டர். 155/65 ஆர்13 போட்டால் 532 ஆகிவிடும். சின்ன இன்ஜின் முக்கும், ஸ்பீடாமீட்டரும் பொய் சொல்லும். ஆனால் 155/65 ஆர்12 என்று ஒன்று இருக்கிறது, டாடா நானோவின் பின்சக்கர அளவு! விட்டம் 506. அகலம் பத்து மில்லிமீட்டர் கூட. ரிம்முக்குச் சரியாக உட்காருகிறதா என்று டயர்காரர் பார்த்து உறுதி செய்த பிறகே நான்கையும் மாற்றினோம். செலவில் பெரியது அதுதான், 11,200.

முன்பக்க ஷாக் அப்சர்பர், லோயர் ஆர்ம் புஷ், அலைன்மென்ட்டுக்கு இன்னொரு 7,300. பிரேக் ஆயிலைத் திறந்தால் கடுங்காப்பி நிறம். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சுகிற சமாச்சாரம். கடலை ஒட்டியே இருக்கிற ஊரில் கேட்கவா வேண்டும்! புதிதில் 205 டிகிரி தாங்க வேண்டிய டாட் 3 ஆயில், ஈரம் ஏறினால் 140-லேயே கொதித்துவிடலாமாம். டாட் 4 ஊற்றி, புது பேடும் போட்டோம். ஏர் ஃபில்டரைத் தரையில் தட்டியபோது தேரிக்காட்டுச் செம்மண் கொட்டியதே, அள்ளி ஒரு செடியே வைத்திருக்கலாம். பிளக் மாற்றி த்ராட்டில் பாடியைக் கழுவியதும், காணாமல் போயிருந்த குதிரைகள் ஒவ்வொன்றாகக் கொட்டடிக்குத் திரும்பின. மூன்றாம் கியரில் இப்படி இழுக்கிற வண்டியையா பத்து வருஷமாகச் சோம்பேறி என்று திட்டினேன்?

சாமான் கிடைக்குமா என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 800 தயாரிப்பை 2014-இல் நிறுத்திவிட்டார்கள், உண்மைதான். ஆனால் அதே 796 சிசி குடும்பத்து இன்ஜின்தான் ஆம்னியிலும் ஆல்டோவிலும் ஓடியது. ஆம்னி இல்லாத பஜார் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

சைலன்சர் தண்டத்தைக் கணக்கில் சேர்க்காவிட்டால், எல்லாம் 25,000-க்குள் முடிந்தது. மச்சான் மட்டும் ‘இந்தப் பழசுக்கா?’ என்று இன்னும் சிரிக்கிறான். குன்றின் மேல் திருச்சிலுவைக் கோயிலைக் காட்டினேன். புயலில் முறிந்த கப்பலின் பாய்மரத்தில் செய்த சிலுவையிலிருந்து தொடங்கிய கோயில் என்பதுதானே ஊர் வரலாறு? பழைய கட்டையை மட்டமாகப் பேசுகிற தகுதி மணப்பாட்டுக்காரனுக்கு இல்லை.

ஞாயிற்றுக்கிழமைதோறும் நல்ல தண்ணீர் பீச்சி அடிப்பாகத்து உப்பைக் கழுவுகிறேன். அது முடிந்ததும் விடியற்காலை உவரி வரை ஒரு ஓட்டம். போன வாரம் மச்சான் தானாகவே வந்து முன்சீட்டில் உட்கார்ந்தான். திரும்பும்போது சாவியைக் கேட்டான். கொடுக்கவில்லை.