ஏறியதா, ஏற்றினார்களா?

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழவுள்ள ஊர்களிலிருந்து வரும் கவிதைகளை வாசிக்கையில் ஒரு படிமம் என்னை நெருடுகிறது: வற்றுப்பெருக்கு. வற்றிய நீர் பெருகுவதுபோல் தாழ்ந்த வாழ்வும் உயருமாம்.

முதலில் இயற்கையைப் பார்ப்போம். எமது கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே ஒரு மீற்றர்கூட வித்தியாசமில்லை. கவிதையில் பொங்கும் பெருக்கு வேறெங்கிருந்தோ வாங்கிய இரவல்.

அடுத்தது மொழி. நீர் ஏறும், இறங்கும், அது தன்வினை. நீரைச் சந்திரன் இழுக்கிறது. அதற்கு யார்மீதும் பகையில்லை, இலாபத்தில் பங்குமில்லை. விலையோ ஏற்றப்படுவது. 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்கவிட்டார்கள். சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் விலையை 87 ரூபாவிலிருந்து 340 ஆக அரசு உயர்த்தியது. கிண்ணியாவில் கடல் அன்றும் பெருகித்தான் இருக்கும். மண்ணெண்ணெயில் ஓடும் படகுக்காரருக்கு அதனால் என்ன பயன்? பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் நிற்கும் சீனன்குடாவோ பக்கத்தில்தான்.

சந்தையை ஒரே கை ஆட்டுவதில்லை என்பது உண்மையே. ஆனால் கைகள் உண்டு. 'விலை ஏறியது' என்று கவிஞர் எழுதும்போது அந்தக் கைகள் மறைகின்றன. பசித்தவன் சந்திரனைப் பார்த்துக் காத்திருக்க வேண்டியதாகிறது.

வள்ளுவர் செல்வம் வருவதைக் கூத்தரங்கில் ஆட்கள் கூடுவதற்கும், போவதை அவர்கள் கலைவதற்கும் ஒப்பிட்டார். நிலையாமையைச் சொல்லவும் அவர் கடலிடம் போகவில்லை, மனிதரிடமே போனார். எமது இளங்கவிஞர்கள் அந்த உவமையை ஒருமுறை ஊன்றிப் படிக்க வேண்டும்.