ஏட்டுப் பாம்பும் தோட்டத்துப் பாம்பும்

ஓர் இலக்கியம் எம்மண்ணில் தோன்றியதோ அம்மண்ணின் மணத்தைத் தாங்கி நிற்க வேண்டும் என்பது மலேசியத் தமிழ் இலக்கியம் குறித்துப் பேசுவோர் பெரும்பாலும் ஒப்பும் கருத்தாகும். மண்ணின் மணம் என்றவுடன் பால்மரமும், பெரட்டுக்களமும், லயன் வீடும், கங்காணியும், மாரியம்மன் கோயில் திருவிழாவும் நினைவுக்கு வருகின்றன. அதே மண்ணில் மனிதனோடு வாழ்ந்த பிற உயிர்கள் அவ்வளவு எளிதாக நினைவுக்கு வருவதில்லை. அவ்வுயிர்களுள் தோட்டத் தமிழரின் வாழ்க்கையோடு மிக நெருங்கியிருந்தது பாம்பு. வகுப்பறையில் அது எவ்வாறு கற்பிக்கப்படுகிறது, தோட்டத்தைக் களமாகக் கொண்ட எழுத்தில் எவ்வாறு இடம்பெறுகிறது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தோட்டம் தந்த பாடம்

ரப்பர்த் தோட்டத்தில் நாள் விடிவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடும். நெற்றியில் கட்டிய விளக்கின் ஒளியில் நிரை நிரையாக மரம் சீவிச் செல்லும் தொழிலாளியின் காலடியில் சருகு குவிந்து கிடக்கும். அச்சருகில் என்ன கிடக்கிறது என்பதை அவர் அறிந்தே தீரவேண்டும். லயன் வீட்டிலும் நிலைமை வேறன்று. அரிசிச் சாக்கும் விறகடுக்கும் எலியை அழைத்தன. எலி பாம்பை அழைத்தது. கோழிக்கூண்டைத் தேடி உடும்பும் மலைப்பாம்பும் வந்தன. காட்டோரத் தோட்டங்களில் பன்றியும் குரங்கும் யானையும் பயிரைத் தேடி வந்தன.

இவற்றோடு வாழ்ந்தவர்கள் தமக்கெனச் சில ஒழுங்குகளை வகுத்துக் கொண்டனர். விறகை எடுக்குமுன் கோலால் தட்டுதல், காலணியை உதறிய பின் அணிதல், பொந்துகளில் கைவிடாதவாறு பிள்ளைகளைப் பழக்குதல், விளக்கின்றி ஒற்றையடிப் பாதையில் நடவாமை, வீட்டைச் சுற்றிப் புல் வளர விடாமை ஆகியன அவை. எந்தப் பாடநூலும் கற்பிக்காத இவற்றைப் பாட்டி பேரனுக்குக் கற்பித்தாள். இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கு மாறியும், வீடமைப்புப் பகுதிகளாக உருப்பெற்றும் போயின. தொழிலாளர் குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தன. அறிவு வாய்மொழியாகவே இருந்தமையால் அதனைச் சொல்லும் வாய்கள் குறையக் குறைய அதுவும் குறைந்து வருகிறது. அதனைக் காத்துத் தந்திருக்க வேண்டிய இலக்கியம் அக்கடமையைச் செய்ததா என்பதே வினா.

மூதுரையின் நாகம்

தமிழ் மாணவர் செய்யுளில் பாம்பைச் சந்திக்கும் இடங்களுள் ஒன்று ஔவையாரின் மூதுரை. தன்னிடம் நஞ்சு இருப்பதை அறிந்த நாகம் மறைந்து வாழும். நஞ்சில்லாத தண்ணீர்ப் பாம்பு அச்சமின்றி வெளியே கிடக்கும். நெஞ்சில் வஞ்சம் உடையவரும் அல்லாதவரும் இவ்வாறே என்பது அச்செய்யுளின் கருத்து. மனித இயல்பை உணர்த்த வந்த உவமை என்னும் அளவில் இது சிறந்ததே. மறைப்பவனிடம் மறைக்கத்தக்கது ஒன்று உண்டு என்னும் உண்மை எளிய உவமையால் உள்ளத்தில் பதிகிறது.

ஆயினும், அச்செய்யுளைப் பாம்பைப் பற்றிய செய்தியாகவே ஒரு மாணவன் கொள்வானாயின் விளைவு யாது? கெடா, பெர்லிஸ் முதலிய வடமாநிலங்களின் ரப்பர்த் தோட்டங்களில் காணப்படும் மலாயாக் குழிவிரியன் கொடிய நஞ்சுடையது. அது புற்றைத் தேடி ஒளிவதில்லை. காய்ந்த இலையின் நிறத்தோடு நிறமாகச் சருகின்மேல் சுருண்டு கிடக்கும். ஆள் நடமாட்டத்தை உணர்ந்தாலும் எளிதில் விலகாது. மிக அருகில் கால் படும்போது கொத்தும். மலாய் மக்கள் இதனை ‘உலார் காப்பாக் போடோ’ என்பர். கோடரி போன்ற தலையும், விலகி ஓடாத மந்தத் தன்மையும் அப்பெயரிலேயே அமைந்துவிட்டன. உடன் வாழ்ந்து கூர்ந்து நோக்கியவர் இட்ட பெயர் அது. இதற்கு மாறாக, வீட்டுச் சுவரிடுக்கில் ஒளிந்து பல்லியைத் தின்று வாழும் ஓநாய்ப் பாம்பிற்கு மனிதரைக் கொல்லும் நஞ்சில்லை. வெளியே கிடப்பது நல்லது, ஒளிந்திருப்பது தீயது என்னும் பாகுபாட்டை இந்நாட்டுச் சருகின்மேல் பொருத்திப் பார்ப்பவன் உயிரை இழக்கவும் கூடும்.

இஃது ஔவையாரின் குறையன்று. உவமையை உவமையாகவும் உலகியலை உலகியலாகவும் பிரித்துக் காட்டாத கற்பித்தலின் குறையே ஆகும்.

குறளின் குடில்

திருவள்ளுவர் பாம்பைக் கையாண்ட திறன் வேறு வகையானது. உட்பகை அதிகாரத்தின் இறுதிக் குறள் (890), உள்ளத்தால் ஒன்றாதவரோடு கூடி வாழ்வதை ஒரே குடிலில் பாம்போடு வாழ்வதற்கு ஒப்பிடுகிறது. இங்கே எண்ணத்தக்கது பாம்பன்று, குடிலே. காட்டில் இருக்கும் பாம்பு தன் இடத்தில் இருக்கிறது. மனிதன் விலகிச் செல்லலாம். குடிலிலோ இடம் சிறிது, இருள் மிகுதி, அது எம்மூலையில் உள்ளது என்பதும் தெரியாது. அது கடிக்காமலே இருந்துவிடலாம். அப்போதும் உறக்கம் இல்லை. கடியைக் காட்டிலும் கடி வருமோ என்னும் காத்திருப்பே கொடிது என்பதைக் குறள் சொல்லாமல் சொல்கிறது.

பலகைத் தரையின் இடுக்கில் பாம்பு நுழைந்ததைக் கண்டு, அது வெளியேறியதைக் காணாமல் இரவைக் கழித்த ஒரு குடும்பத்திற்கு இக்குறளுக்கு உரை வேண்டுவதில்லை. அடுக்குமாடி வீட்டில் பிறந்து வளர்ந்த மாணவனுக்கோ பதவுரையும் பொழிப்புரையும் தந்த பின்னரும் அக்குடிலின் இருள் விளங்குவதில்லை. ஆகவே, வாழ்க்கை மறைந்துவிடுமாயின் உவமையும் ஒளி இழக்கும் என்பது பெறப்படுகிறது.

வள்ளுவரின் மற்றொரு குறளும் (763) இங்குக் கருதத்தக்கது. எலிக்கூட்டம் கடல்போல் ஆரவாரித்தாலும் நாகம் மூச்சுவிட்ட அளவிலேயே அழிந்துபோகும் என்று படைமாட்சியில் அவர் கூறுகிறார். எலிக்குப் பகை நாகம் என்பது உழவர் நாட்டு அறிவு. செம்பனைக் குலையைக் கடித்து இழப்பு விளைவிக்கும் எலியை ஒழிக்க, இந்நாட்டுத் தோட்டங்கள் கூகைகளுக்குப் பெட்டிக் கூடுகள் அமைத்து வளர்க்கின்றன. அதே வேலையைப் பாம்பும் கூலி பெறாமல் செய்துவருகிறது. நஞ்சு என்னும் ஒன்றையே கண்ட கண்ணுக்கு இப்பயன் தெரிவதில்லை.

அகநானூற்றின் நள்ளிரவு

சங்க இலக்கியம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. அகநானூற்றின் 8ஆம் பாடல், நள்ளிரவு மலைவழியின் அச்சத்தைக் கூறுவது. இரைதேடி வந்த ஆண்கரடி ஈரமான புற்றைப் பற்றிப் பிளக்கிறது. அதன் நகத்தில் அகப்பட்ட பாம்பு தன் வலிமை கெடுகிறது.

இங்குப் பாம்பு யாருக்கும் உவமையில்லை. வஞ்சகத்தின் சின்னமும் இல்லை. புற்றும் கரடியும் சேர்ந்த ஓர் உலகில் அதுவும் ஓர் உயிர். தன்னினும் வலியதால் துன்புறும் உயிர். அச்சம் என்னும் உணர்வு குன்றவில்லை. மலைவழி கொடியதாகவே உள்ளது. எனினும், கொடுமையைக் காட்டுவதற்குப் புலவர் பாம்பின்மேல் பழி சுமத்தவில்லை. பார்த்ததைப் பார்த்தவாறு வைத்து அச்சத்தைப் பிறப்பிக்கும் இத்திறனே தோட்டத்தைப் பாட வந்தவர்க்கு முன்மாதிரியாக அமைந்திருக்க வேண்டும்.

கடல் கடந்து வந்த பாம்பு

ஆயினும், தோட்டக் கதைகளிலும் மாணவர் கட்டுரைகளிலும் அடிக்கடி எதிர்ப்படும் பாம்பு இந்நாட்டுப் பாம்பாக இருப்பதில்லை. கண்ணாடி விரியன் கடித்துப் பால்மரம் சீவுபவர் மாள்வதாக எழுதினால், அது தமிழ்நாட்டு வயல்வரப்பிலிருந்து கொண்டுவரப்பட்ட பாம்பு. மலேசிய மண்ணில் கண்ணாடி விரியன் இல்லை. படத்தில் மூக்குக் கண்ணாடிக் குறி விளங்க எழுந்தாடும் நல்ல பாம்பும் இந்நாட்டிற்கு உரியதன்று. இங்குப் பரவலாக உள்ள கருநாகத்தின் படத்தில் அக்குறி இராது. அதற்கு வேறொரு வல்லமை உண்டு. அது நஞ்சைத் தொலைவிலிருந்தே கண்ணை நோக்கி உமிழும். தமிழ்நாட்டு நாகத்தை மட்டும் ஏட்டில் கற்ற மாணவன் கடித்தால் நஞ்சு என்று அறிவான். உமிழ்ந்தாலும் நஞ்சு என்பதை அறியான். கண்ணில் பட்ட நஞ்சை உடனே நிறைய நீரால் கழுவிவிட்டு மருத்துவமனைக்கு விரைய வேண்டும் என்பதையும் அறியான்.

கதைகளில் காணும் இன்னொரு குறை, கடி என்றால் சாவு என முடித்துவிடுவதாகும். பினாங்கில் பணியாற்றிய மருத்துவர் அலிஸ்டர் ரீட், மலாயாக் குழிவிரியனால் கடிபட்டோரை ஆராய்ந்து 1963இல் கட்டுரைகள் வெளியிட்டார். அவர் கண்டவருள் இறந்தோர் மிகச் சிலரே. நஞ்சு சிறிதும் ஏறாமல் தப்பியவரும் உண்டு. ஆனால் பிழைத்தவனின் கதையோ எழுதப்படுவதில்லை. வீங்கிக் கறுத்த காலோடு மருத்துவமனையில் கிடந்து, வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி இழந்து, மீண்டும் அதே நிரைக்கு அச்சத்தோடு திரும்பியவனின் மனம் சாவைக் காட்டிலும் ஆழமான கதைப்பொருள். முடிவைத் தேடி அலையும் எழுத்தாளனுக்குப் பாம்பு எளிய கருவியாகிவிட்டமையால், அக்கதைப்பொருள் கைநழுவிப் போகிறது.

திரைப்படமும் இதற்குத் துணைபோயிற்று. 1979இல் வெளிவந்த ‘நீயா’ போன்ற படங்கள், துணையை இழந்த பாம்பு கொன்றவரைத் தேடிவந்து பழிவாங்கும் என்னும் நம்பிக்கையைப் பெருக்கின. முகத்தை நினைவில் வைத்துப் பழி தீர்க்கும் ஆற்றல் பாம்புக்கு இல்லை. அந்நம்பிக்கையோ ஒன்றைக் கண்டால் அதன் இணையையும் தேடிக் கொல்லத் தூண்டுகிறது. கடிபடுவோருள் பாம்பை அடிக்கச் சென்றவர்களும் உளர்.

இலக்கியம் விலங்கியல் அன்று என்று சிலர் மறுக்கக்கூடும். அம்மறுப்பில் உண்மை உண்டு. நீதி நூலின் உவமையிடம் அறிவியல் துல்லியத்தைக் கேட்பது பொருந்தாது. ஆனால் ஓர் ஊரின் பெயரையும், மரத்தின் பெயரையும், கூலியின் அளவையும் உள்ளவாறு எழுதி நம்பிக்கை பெற்ற கதை, அவ்வூரின் பாம்பை மட்டும் பொய்யாக எழுதினால், அந்த மண்ணைப் பார்க்காமலே எழுதியதாகிவிடும்.

ஆசிரியர் கடமை

உலகச் சுகாதார நிறுவனம் 2017இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. ஆண்டுதோறும் உலகில் 81,000 முதல் 1,38,000 பேர் வரை இதனால் இறப்பதாக அது மதிப்பிட்டுள்ளது. வயலிலும் தோட்டத்திலும் வெறுங்காலோடு உழைக்கும் ஏழைகளே இதில் பெரும்பாலோர். கடித்த இடத்தைக் கீறுதல், வாயால் உறிஞ்சுதல், இறுகக் கட்டுதல், மந்திரிப்பவரைத் தேடிக் காலம் கடத்துதல் ஆகியவை உயிர்க்கு ஊறு செய்வன. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் மருத்துவமனைக்கு விரைதலே வழி. பாம்பு வீட்டிற்குள் வந்துவிட்டால் அடிக்க முனையாமல் விலகி நின்று, 999 எண்ணை அழைத்துக் குடிமைத் தற்காப்புப் படையினரின் உதவியைக் கோரலாம். கட்டுரை வகுப்பில் இவற்றையும் சொல்வதால் தமிழ்ப்பாடத்தின் தரம் குறைந்துவிடாது.

மூதுரையைக் கற்பிக்கும் நாளில் சருகின்மேல் கிடக்கும் குழிவிரியனைப் பற்றியும் ஆசிரியர் ஒரு சொல் சொல்லலாம். உட்பகைக் குறளைக் கற்பிக்கும் நாளில், மாணவர் தம் வீட்டு முதியவரிடம் லயன் வீட்டு இரவுகளைப் பற்றிக் கேட்டு எழுதிவரச் செய்யலாம். அவ்வாறு எழுதப்படும் பக்கங்களில் பிழைகள் இருக்கலாம், நடை தளர்ந்திருக்கலாம். எனினும், எந்தப் பாம்பு, எந்த இடத்தில், எந்நேரத்தில், யார் என்ன செய்தார் என்னும் செய்திகள் அவற்றில் இருக்கும். மலேசியத் தமிழ் எழுத்துக்கு இன்று வேண்டுவது அச்செய்திகளே. அவற்றைச் சொல்லவல்ல முதியவர்கள் இன்னும் பல வீடுகளின் திண்ணைகளில் அமர்ந்திருக்கிறார்கள். கேட்பதற்குப் பிள்ளைகளை அனுப்ப வேண்டியவர் ஆசிரியரே.