இன்மையும் அன்மையும்: அத்துவைத மறுப்பின் தமிழ்ப் பொருள்

அத்துவைதம் என்பது ஓர் எதிர்மறைச் சொல். அது இரண்டு என்பதை மறுக்கிறது. ஒன்று என்று அந்தச் சொல் எங்கும் கூறவில்லை. சாந்தோக்கிய உபநிடதத்தின் 6ஆம் இயல் ஒன்று என்னும் சொல்லை ஆளுமிடத்தும், இரண்டாவது அற்றது என்ற அடையை உடன் சேர்த்தே ஆள்கிறது. ‘எல்லாம் ஒன்றே’ என்று மேடையில் முழங்குவோரும், ‘ஒருமைவாதம்’ எனப் பெயரிட்டு மேலைத் தத்துவ வரலாற்றின் அட்டவணைக்குள் அதனை அடைப்போரும் இவ்வெளிய செய்தியைக் கவனிப்பதில்லை. அத்துவைதத்தைக் கற்கப் புகுவோர் முதலில் எழுப்ப வேண்டிய வினா, அம்மறுப்பு எவ்வகையைச் சேர்ந்தது என்பதே.

இவ்வினாவைக் கேட்பதற்குத் தமிழ் மிகவும் தகுதியுடைய மொழி. வடமொழியில் அகர முன்னொட்டு ஒன்றே பல்வகை மறுப்புக்கும் நிற்கும். தமிழில் ‘இல்லை’ என்பதும் ‘அன்று’ என்பதும் வேறு வேறு வேர்கள். தொல்காப்பிய வினையியல் குறிப்பு வினைக்குரிய பொருள்களை எண்ணும்போது அன்மையையும் இன்மையையும் தனித்தனியே வைக்கிறது. ‘இது பாம்பு அன்று’ என்பவன் கண்முன் கிடப்பதைப் பற்றிப் பேசுகிறான். ‘இங்குப் பாம்பு இல்லை’ என்பவன் பாம்பைப் பற்றிப் பேசுகிறான். கௌடபாதர் தம் காரிகையில் எடுத்தாண்ட கயிற்றரவு உவமையை இவ்விரு வாக்கியங்களாகப் பிரித்துப் பார்த்தால், சங்கரரின் கோட்பாடு எங்கே நிற்கிறது என்பது விளங்கும். அது அன்மையில் தொடங்கி இன்மையில் முடிகிறது. முதலில், தோன்றுவது பாம்பு அன்று, கயிறு என்ற அறிவு எழுகிறது; பின்னர், தோன்றிய அவ்விடத்தில் பாம்பு முக்காலத்தும் இல்லை என்பது தெளிவாகிறது. இவ்வரிசையை மாற்றிச் சொல்வதாலேயே பெரும்பாலான குழப்பங்கள் நேர்கின்றன.

பிரம்ம சூத்திர பாடியத்தைச் சங்கரர் அத்தியாசம் பற்றிய முன்னுரையோடு தொடங்குகிறார். ஒன்றன்மேல் மற்றொன்றை ஏற்றிக் காண்பதே அத்தியாசம். கிளிஞ்சல் வெள்ளியாகத் தோன்றுவதும், ஒரு நிலவு இரண்டாகத் தோன்றுவதும் அங்கு அவர் தரும் உவமைகள். அவ்வாறு தோன்றும் வெள்ளி உள்பொருள் அன்று. அறிவு வந்தபின் அது நீங்கிவிடுகிறது. முயற்கொம்பு போல முற்றிலும் இல்பொருளும் அன்று. முயற்கொம்பை எடுக்க ஒருவரும் குனிவதில்லை, கிளிஞ்சல் வெள்ளியை எடுக்கக் குனிகின்றனர். உளது, இலது என்னும் இரண்டாலும் சொல்லவொண்ணாத இந்நிலையே மித்தை. உலகம் மித்தை என்றால் உலகம் முயற்கொம்பு என்பது பொருளாகாது.

மித்தையைத் தமிழில் ‘பொய்’ என்று பெயர்த்ததே பிழைக்கெல்லாம் காரணம் எனச் சொல்வதுண்டு. அக்குற்றச்சாட்டு முழுதும் நியாயமானதன்று. மழை பொய்த்தது என்கிறோம். மழை கூறியது கூற்றுப்பிழை என்று எவரும் கொள்வதில்லை. பொய்க்கால் ஆடுபவனைத் தாங்குகிறது. பொய் என்னும் சொல்லுக்குத் தோன்றி நிலையாமை, வேறொன்றின் இடத்தில் நின்று பயன்தருதல் ஆகிய சாயல்கள் தமிழிலேயே உள்ளன. அச்சாயல்கள் மங்கி, ‘உண்மைக்கு மாறாகச் சொல்லுதல்’ என்னும் ஒரு பொருளே மிஞ்சியதற்குத் தமிழ் வேதாந்த நூலாசிரியர் பொறுப்பாகார். மாயை ஆங்கிலத்தில் ‘இல்லூஷன்’ ஆகி, அந்த இல்லூஷன் மீண்டும் தமிழுக்கு வந்தபோது சொல் வற்றியது என்பதே பொருத்தமான விளக்கம். 1883இல் தம் வேதாந்த நூலை வெளியிட்ட பால் டாய்சன் சங்கரரைக் காண்டின் ஒளியிலும் சோப்பன்ஹவரின் ஒளியிலும் படித்தார். அவ்வாசிப்பு செழுமையானதே, எனினும் அதன்வழி வந்தோர் பலர் சங்கரரின் விவகார நிலையை, அதாவது உண்டியும் உறவும் வழக்கும் வேதமும் செல்லுபடியாகும் நிலையை, போதிய அளவு மதிக்கவில்லை.

ஐரோப்பா வேதாந்தத்தைத் தமிழ்வழியாகவும் அறிந்தது என்பதை இங்கு நினைவுகூர்தல் தகும். லைப்சிக் லுத்தரன் மிஷனின் கார்ல் கிரவுல் 1854இல் தொடங்கிய தமிழ் நூல்வரிசையின் முதல் தொகுதி வேதாந்த நூல்களுக்கே உரியதாயிற்று. குறள் அதற்குப் பின்னரே வந்தது. அம்முதல் தொகுதியில் ஜெர்மன் மொழியில் இடம்பெற்ற தாண்டவராய சுவாமிகளின் கைவல்லிய நவநீதம் இவ்வாய்வுக்கு மிகவும் பயன்படும் நூல். தத்துவ விளக்கப் படலம், சந்தேகம் தெளிதற் படலம் என்னும் இரு பகுதிகளில், ஆசிரியனும் மாணவனும் உரையாடும் முறையில் அது அமைந்துள்ளது.

அந்நூல் ஆளும் பத்தாமவன் கதை பஞ்சதசியிலும் உள்ளது. பத்துப் பேர் ஆற்றைக் கடக்கின்றனர். கரையேறியபின் எண்ணுபவன் தன்னை விட்டு எண்ணி ஒன்பது என்கிறான். பத்தாமவன் ஆற்றோடு போனான் என்று அழுகின்றனர். வழிப்போக்கன் ஒருவன் ‘பத்தாமவன் இருக்கிறான்’ என்கிறான். பின்னர் எண்ணியவனையே சுட்டி ‘நீயே பத்தாமவன்’ என்கிறான். முதற்கூற்றால் வருவது பரோட்ச அறிவு. இரண்டாவதால் வருவது அபரோட்ச அறிவு. அறியாமையில் தொடங்கித் தடையிலா ஆனந்தத்தில் முடியும் ஏழு நிலைகள் இக்கதையின்மேல் பொருத்தப்படுகின்றன. கயிற்றரவு உவமை தராத ஒன்றை இது தருகிறது. புதிதாக ஒருவரும் கிடைக்கவில்லை. ஆற்றில் எவரும் இறக்கவுமில்லை. ஆயினும் அழுதவர்களின் கண்ணீர் நனைத்தது, மார்பில் அறைந்த கை வலித்தது. மித்தையின் இலக்கணத்தை இதனினும் தெளிவாகக் காட்டிய உவமை அரிது. அத்துவைதம் துன்பத்தை மறுக்கிறது என்போர் இக்கதையை ஒருமுறை படித்தல் நன்று.

ஆனால் கதைக்குள் ஒரு முடிச்சு உண்டு. வழிப்போக்கன் யார்? பதின்மருள் அவன் ஒருவனல்லன். இரண்டாவது இல்லை என்பதை உணர்த்துதற்கு இரண்டாமவன் ஒருவன் வேண்டியிருக்கிறான். அத்துவைதியின் விடை ஆயத்தமாக உள்ளது: குருவும் நூலும் விவகார நிலையைச் சேர்ந்தவை, கனவிற் கண்ட புலியும் உறங்குபவனை எழுப்பிவிடும். இவ்விடை வலுவானதுதான். ஆயின் இதன் அடியில் இருக்கும் வினா இன்னும் கடியது. அறியாமை யாரைப் பற்றி நிற்கிறது? பிரம்மத்தை எனின் அது பேரறிவு ஆதல் எங்ஙனம்? உயிரை எனின், அறியாமையால் தோன்றிய உயிர் அவ்வறியாமைக்கு இடமாதல் எங்ஙனம்? இராமானுசர் ஸ்ரீபாஷ்யத்தில் அடுக்கும் ஏழு மறுப்புகளில் ஒன்று இதுவே. சங்கரர் மரபுக்குள்ளும் இது ஒருமுகமாகத் தீரவில்லை. வாசஸ்பதி மிசிரரின் பாமதி வழியினர் உயிரே இடம் என்றனர். விவரண வழியினர் பிரம்மமே இடம் என்றனர். அறிமுக நூல்கள் இப்பிளவை மறைத்து விடுவது மாணவனுக்குச் செய்யும் உதவியாகாது. ஒரு தத்துவம் தன் இடர்ப்பாட்டை எங்ஙனம் சுமந்தது என்பதில்தான் அதன் தரம் தெரிகிறது.

13ஆம் நூற்றாண்டின் மெய்கண்டார் அத்துவைதம் என்னும் சொல்லை விட்டுவிடவில்லை. அதன் மறுப்பையே வேறாகப் படித்தார். சிவஞானபோதத்தின் 2ஆம் சூத்திரத்தை ஒட்டி வளர்ந்து, 18ஆம் நூற்றாண்டில் சிவஞான முனிவரின் மாபாடியத்தில் நிறைவுற்ற விளக்கத்தின்படி, அச்சொல்லின் அகரம் இன்மையைக் குறிப்பதன்று, அன்மையைக் குறிப்பது. அநேகம் என்னும் சொல் ஒன்றும் இல்லாமையைச் சொல்வதில்லை. ஒன்று அல்லாததைச் சொல்கிறது. அவ்வாறே அத்துவைதம் இருபொருள் இல்லை என்னாது, இருபொருளாய்ப் பிரிந்து நில்லாமையைச் சொல்லும். உடம்புக்கு இட்ட பெயரைச் சொல்லி அழைத்தால் உயிர் விடை தருகிறது என்பது மெய்கண்டார் காட்டும் சான்று. பத்தாமவன் கதையிலும் ஒருவன் சுட்டி அழைக்கப்படுகிறான். அங்கே அழைப்பு முடிந்ததும் உறவுக்கு வேலையில்லை. இங்கே உறவே பொருள்.

தாயுமானவர் பெயரைச் சொல்லி, வேதாந்தமும் சித்தாந்தமும் ஒன்றே என முடிக்கும் பிற்கால நூல்களின் ஆர்வம் புரிந்துகொள்ளத்தக்கது. அவற்றின் வாதம் மெலிது. வேடரிடம் வளர்ந்த இளவரசன் கதையே போதிய சோதனை. பிருகதாரணியக பாடியத்தில் சங்கரர் அதனை ஆள்கிறார். சிவஞானபோதத்தின் 8ஆம் சூத்திரம் ஐம்புலன்களை வேடராக்கி அதனையே ஆள்கிறது. சங்கரரின் இளவரசன் தான் வேடன் அல்லன் என்று அறிந்த கணத்தில் கதை நிறைவுறுகிறது. மெய்கண்டாரிடத்தில் முதல்வனே குருவாய் வந்து உணர்த்துகிறான்; உணர்ந்த உயிர் வேடரை விட்டு அவன் தாளைச் சென்று சேர்கிறது. அறிந்தபின் செல்லுதற்கு ஓர் இடம் உண்டா என்னும் இவ்வேறுபாட்டைப் பற்றிச் சமரசம் பேசும் நூல்கள் ஒரு பத்தியும் எழுதுவதில்லை.