கடைசிச் சொல்வரை நிற்கும் மூச்சு

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் இரவுக் கபடி நடக்கும்போது மைக் பிடிப்பவரைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ரெய்டர் நடுக்கோட்டைத் தாண்டியதும் குரல் ஏறும், வேகம் கூடும். பெயர், ஊர், புள்ளிக்கணக்கு எல்லாம் கணீரென்று கேட்கும். தொட்டாரா, மாட்டினாரா என்ற இடம் வரும்போது பல பேருக்கு மூச்சு தீர்ந்திருக்கும். தமிழில் வினை கடைசியில் வருகிறது. அது அமுங்கினால், 30 விநாடி ரெய்டில் என்ன நடந்தது என்பதே கூட்டத்துக்குப் போய்ச் சேராது.

இதற்குப் பாடம் கற்றுக்கொள்ள வேண்டியது அதே விழுப்புரத்தில் 1928 அக்டோபர் 1 அன்று பிறந்த நடிகர் சிவாஜி கணேசனிடம். அவருடைய குரலைப் பிறவி வரம் என்று சொல்லிவிடுவது எளிது. சிறு வயதில் நாடகக் கம்பெனியில் சேர்ந்து, பெண் வேடமும் கட்டி, பாடம் ஒப்பித்துப் பழகிய ஆண்டுகளை அந்தப் பாராட்டு மறைத்துவிடுகிறது.

'வீரபாண்டிய கட்டபொம்மன்' 1959இல் படமாக வந்தது. அதற்கு முன்பே, 1957 முதல், அவருடைய நாடக மன்றம் அதை நூறு தடவைக்கு மேல் மேடையேற்றியிருந்தது. ஜாக்சன் துரையுடன் மோதும் காட்சியை இன்று போட்டுப் பார்த்தாலும் அந்த உழைப்பு தெரியும். தொடக்கத்திலேயே குரலைக் கொட்டித் தீர்ப்பதில்லை. அடக்கிப் பிடித்து, இடையில் மூச்சு வாங்கி, முடிவுச் சொல்லுக்கு முழு பலத்தையும் வைத்திருக்கிறார். அந்த அளவு கைவரப் பெற்ற இடம், கேமரா வருவதற்கு முன்பிருந்த மேடை.

தமிழ்க் கிரிக்கெட் வர்ணனையும் நாடகத்துக்குக் கடன்பட்டதுதான். வானொலியில் கேட்டவர்கள் மறக்காத அப்துல் ஜப்பார், கூத்தபிரான் இருவருமே வானொலி நாடகத்தில் ஊறியவர்கள். பந்து எங்கே போனது என்று கண்ணால் பார்க்க முடியாத நேயருக்குச் சொல்லி முடிக்கும்வரை அவர்கள் குரல் தளராது.

இன்றைய இளைஞருக்கு நாடகக் கம்பெனி இல்லை, கைபேசி இருக்கிறது. காலையில் விளையாட்டுப் பக்கத்தை உரக்கப் படித்து, ஒவ்வொரு வாக்கியத்தின் வினையும் தெளிவாக விழும்வரை திரும்பப் படிக்கலாம். மாலையில் புரோ கபடி ஆட்டத்தின் ஒலியை அணைத்துவிட்டு, ஒரு பாதியை, அதாவது 20 நிமிடத்தை, தானே வர்ணித்துப் பதிவு செய்யலாம். உடனே கேட்டால் ஆட்டத்தின் சூட்டில் குறை தெரியாது. மறுநாள், படத்தைப் பார்க்காமல், பதிவை மட்டும் கேட்டு ஸ்கோரை ஒரு தாளில் எழுத வேண்டும். அந்த ஸ்கோர் உண்மை ஸ்கோரோடு ஒத்துப்போக வேண்டும்.